உசிரு போய் உசிரு வந்தது



பயத்தில் செத்தே போனேன், தோலை விட்டு வெளியே குதித்தேன், ரத்தம் உறைந்தது என்றெல்லாம் ஆங்கிலப் பாடத்தில் படிக்கும் பிள்ளைகள், வெள்ளைக்காரர்கள் இப்படியா கூட்டிச் சொல்வார்கள் என்று சிரிக்கிறார்கள். கல் சிற்பிகளின் ஊரான நம் மயிலாடிப் பிள்ளைகள் உளிச் சத்தத்தைத் தாண்டி வீட்டுப் பாட்டியின் பேச்சுக்குக் காது கொடுக்கட்டும். ஈரக்குலை நடுங்கிற்று, வயிற்றில் புளியைக் கரைத்தது, உசிரு போய் உசிரு வந்தது. நாம் எந்த வகையில் குறைந்தவர்கள்?

கூட்டிச் சொன்னாலும் இவை பொய்யல்ல. அச்சம் வந்ததும் உடம்பில் அட்ரினலின் பெருகுகிறது. குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்து கைகால் தசைகளுக்குப் பாய்கிறது; வயிறு கலங்குகிறது, நாக்கு உலர்கிறது. செத்துப் போவதும் வெறும் பேச்சில்லை. கடும் அச்சம் ஆளைக் கொல்லக்கூடும் என்று அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1942-இல் எழுதினார். திடீர் அதிர்ச்சியில் இதயத்தின் ஒரு பகுதி உப்பிச் செயலிழக்கும் நோயை ஜப்பானிய மருத்துவர்கள் 1990-இல் விவரித்து, டகோட்சுபோ என்று பெயரிட்டார்கள். பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள், எல்லோரும் அல்ல.

அணங்கு எனும் அச்சுறுத்தும் தெய்வம், விலங்கு, கள்வர், இறை எனும் அரசர் என அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். அணங்குக்கு நமக்கு முப்பந்தல் கோயிலின் இசக்கி அம்மன் இருக்கிறாள். அவளைக் கும்பிடாமல் அந்தக் கோயில் வழியே போகும் சாலையைக் கடக்கத் துணியாத ஓட்டுநர்கள் எத்தனையோ பேர். ஆனால் குமரி மாவட்டத்துக்காரர்கள் ஐந்தாவதாகக் கடலையும் காற்றையும் சேர்த்தாக வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலையும் கொட்டில்பாட்டையும் சுனாமி அழித்தது. மணக்குடிப் பாலத்தையே பெயர்த்துக்கொண்டு போனது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தது. கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பவில்லை. உள்நாட்டில் வாழையும் ரப்பரும் சாய்ந்து கிடந்தன.

அந்தப் புயலைக் கண்டவர்கள் இன்றும் காற்று பலமாக வீசினால், குலை நடுங்குகிறது என்கிறார்கள். அது அலங்காரப் பேச்சில்லை; உடம்பு சொல்லும் சாட்சி. அப்போது “சும்மா பேடிக்காதீங்க” என்று வாயை அடைத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கக் கேளுங்கள். பல நாளாகத் தூக்கம் கெட்டவராக இருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பயத்தைச் சொல்லும் தொடர்களை, எந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேசும்போது சொன்னார்கள் என்பதோடு சேர்த்து எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்