பாலம் பொருளாதாரம் என்றால் பாட்டி என்ன?

2024 நவம்பர் 5 அன்று அமெரிக்கத் தேர்தலில் கமலா ஹாரிஸ் தோற்றார். வாக்குகளை எண்ணி முடிக்கும் முன்பே பழியை யார் தலையில் போடுவது என்று முடிவாகிவிட்டது. பெண்கள், கறுப்பினத்தவர், திருநர் என்று சமூகநீதி பேசிப் பேசியே ஜனநாயகக் கட்சி கெட்டது, இனி விலைவாசி, கூலி, வேலை என்று பொருளாதாரம் மட்டும்தான் பேச வேண்டும் என்றார்கள் ஒரு சாரார். அதைக் கைவிட்டால் கட்சி எதற்கு என்றார்கள் மறு சாரார். இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு இரண்டு சாரார் மீதும் கோபம். சமூகநீதி ஒரு பக்கம், பொருளாதாரம் மறுபக்கம் என்று நடுவே ஒரு கோடு இருப்பதை இருவருமே ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மோதுகிறார்கள். கோட்டைப் போட்டது யார், எதன்மீது போட்டார்கள் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

அமெரிக்கச் சண்டைக்குத் தமிழில் எதற்குக் கட்டுரை என்று கேட்கலாம். "முதலில் கூலி, பெண் பிரச்சினையைப் பிறகு பார்க்கலாம்" என்ற வசனத்தைச் சங்கக் கூட்டத்திலோ கட்சிக் கிளையிலோ கேட்காத தோழி நம்மில் யார்? கழிப்பறை கேட்டாலும், மேற்பார்வையாளரின் கை நீள்கிறது என்று புகார் சொன்னாலும், அடையாள அரசியல் என்ற முத்திரை ஆயத்தமாக இருக்கிறது. அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று தெரிந்துகொண்டு திட்டு வாங்குவது நல்லது.

அது பிறந்த இடம் பாஸ்டன். கோம்பாஹீ ரிவர் கலெக்டிவ் என்ற கறுப்பினப் பெண்ணியர் குழு 1977இல் எழுதிய அறிக்கையில்தான் அடையாள அரசியல் என்ற சொற்றொடர் பேர்பெற்றது. எழுதியவர்கள் பார்பரா ஸ்மித், பெவர்லி ஸ்மித், டெமிட்டா ஃபிரேசியர். மூவருமே சோசலிசவாதிகள். உழைப்பின் பலன் உழைப்பவருக்கே சேர வேண்டும் என்று அதே அறிக்கையில் எழுதியவர்கள். கறுப்பினப் பெண் தொழிலாளியின் சுரண்டலை அவளுடைய நிறத்தையும் பாலையும் விட்டுவிட்டு விளக்க முடியாது என்பதுதான் அவர்களின் வாதம். 2020இல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வு நடந்தபோது பார்பரா ஸ்மித் ஆதரித்தது பெர்னி சாண்டர்ஸை. அதாவது, அடையாள அரசியலைப் பெற்றெடுத்தவர், அதற்கு எதிரானவர் என்று இன்று காட்டப்படுகிற மனிதருக்கே ஆதரவு கேட்டார்.

இந்தக் கதையை மறந்தவர்கள்தான் 2016இல் சொல்லைத் தலைகீழாக்கினார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் நெவாடாவில் பேசிய ஹிலாரி கிளிண்டன், நாளைக்கே பெரிய வங்கிகளை உடைத்துவிட்டால் இனவெறி ஒழிந்துவிடுமா, பாலினப் பாகுபாடு ஒழிந்துவிடுமா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். கூட்டம் "இல்லை" என்றது. ஒழியாதுதான். ஆனால் அந்தக் கேள்வி வங்கிகளைக் காப்பாற்றக் கேட்ட கேள்வி. கடனில் வீட்டைப் பறிகொடுத்த கறுப்பினப் பெண்ணின் பெயரைச் சொல்லி, அவளுக்குக் கடன் கொடுத்த வங்கிக்குக் குடை பிடித்த கேள்வி. அதே நவம்பரில் கிளிண்டன் தோற்றதும், நான் பெண், எனக்கு வாக்களியுங்கள் என்பது போதாது என்றார் சாண்டர்ஸ். மார்க் லில்லா என்ற பேராசிரியர் அடையாளத் தாராளவாதத்துக்கு முடிவு கட்ட வேண்டும் என்று நியூயார்க் டைம்ஸில் எழுதினார். 2024இல் நாம் கேட்டது அந்தப் பழைய பாட்டின் மறு ஒலிபரப்பு.

மறு ஒலிபரப்பு என்றாலும் இம்முறை ஒரு வேடிக்கை கூடுதல். ஹாரிஸ் சமூகநீதி பேசித் தோற்றார் என்கிறார்களே, அவர் எங்கே பேசினார்? முதல் பெண் அதிபர் என்ற பேச்சை ஏறக்குறைய எடுக்கவே இல்லை. ஈராக் போரை நடத்திய டிக் செனியின் மகள் லிஸ் செனியோடு மேடை ஏறினார். திருநரைப் பற்றிப் பேசிப் பேசி விளம்பரம் செய்தது டிரம்ப்தான். சிறையில் இருக்கும் திருநருக்கான சிகிச்சை பற்றி ஹாரிஸ் 2019இல் சொன்ன பதிலைத் தோண்டியெடுத்து, அவள் அவர்களுக்கானவள், நான் உங்களுக்கானவன் என்று கால்பந்தாட்டத்தின் இடைவேளைகளில் ஓயாமல் ஓட்டினார்கள். ஹாரிஸ் தரப்பு வாயே திறக்கவில்லை. மௌனமாக இருந்துவிட்டு, பேசியதால் தோற்றோம் என்பது என்ன கணக்கு? தேர்தல் முடிந்த சில நாட்களிலேயே மாசசூசெட்ஸின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் சேத் மோல்டன், தன் பெண் குழந்தைகள் விளையாட்டுத் திடலில் திருநங்கைகளோடு மோத வேண்டியிருக்கும் என்று கவலைப்பட்டார். அந்தக் கட்சியில் பெண் குழந்தைகள் மீது இவ்வளவு அக்கறை இருந்தது 2021இல் தெரியாமல் போயிற்று. அந்த ஆண்டுக் கதைக்கு வருகிறேன்.

(இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹாரிஸ் வெல்ல வேண்டும் என்று திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் பூசை நடந்ததை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊர். நம்மவர் என்று பூரித்தவர்களில் எத்தனை பேர், அவர் கூலியைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டார்கள்? முகத்தைப் பார்த்துக் கைதட்டுவதற்கும் கோம்பாஹீ பெண்கள் சொன்ன அரசியலுக்கும் எந்த உறவும் இல்லை.)

2021 மார்ச் கடைசியில் பைடன் அரசு ஒரு பெரும் கட்டுமானத் திட்டத்தை அறிவித்தது. சாலை, பாலம், ரயில், குடிநீர்க் குழாய். அதோடு முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் வீட்டில் வைத்துப் பராமரிக்க 40,000 கோடி டாலர். உடனே ஒரு கூச்சல் கிளம்பியது: பாலம் கட்டுமானம், அதை ஒப்புக்கொள்கிறோம். பாட்டியைக் குளிப்பாட்டுவது எப்படிக் கட்டுமானம் ஆகும்? அமெரிக்காவில் வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். பெரும்பாலோர் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், ஆசியர், புலம்பெயர்ந்தவர்கள். அவர்கள் வேலைக்குப் போனால்தான் பாட்டியின் மகள் வேலைக்குப் போக முடியும். மகள் வேலைக்குப் போனால்தான் அந்தப் பாலத்தின்மீது வண்டி ஓடும். ஆனாலும் பாலம் 'உண்மையான' பொருளாதாரம் ஆயிற்று. பராமரிப்பு 'சமூகச் செலவு' ஆயிற்று. இரண்டையும் இரண்டு மசோதாக்களாகப் பிரித்தார்கள். பாலத்தின் மசோதா நவம்பரில் சட்டமானது. குழந்தைக் காப்பகம், ஊதியத்தோடு கூடிய விடுப்பு, வீட்டுப் பராமரிப்பு அடங்கிய மற்றதை டிசம்பரில் செனட்டர் ஜோ மான்ச்சின் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சாகடித்தார். 2022 ஆகஸ்டில் அதன் மிச்சம் சட்டமானபோது அதில் தட்பவெப்பத்துக்குப் பணம் இருந்தது, மருந்து விலைக் குறைப்பு இருந்தது. பெண்கள் கேட்டது ஒன்றுகூட இல்லை. பேறுகாலத்துக்குச் சம்பளத்தோடு விடுப்பு தரும் தேசியச் சட்டம் அந்தப் பணக்கார நாட்டில் இன்றுவரை கிடையாது.

நான் சொன்ன கோடு இதுதான். சிமெண்ட் ஒரு பக்கம், மூத்திரத் துணி மறுபக்கம். ஆண் செய்தால் பொருளாதாரம், பெண் செய்தால் பண்பாடு.

குழந்தைகளின் கதை இன்னும் கொடுமை. 2021இல் ஓராண்டுக்கு மட்டும் குழந்தை வரிச்சலுகையை உயர்த்தி, ஜூலையிலிருந்து மாதாமாதம் பணமாகவே கொடுத்தார்கள். ஆறு வயதுக்குக் கீழ் 300 டாலர், அதற்கு மேல் 250. அதற்கு முன் வருமானம் போதாது என்று சொல்லி முழுச் சலுகையும் மறுக்கப்பட்டிருந்த ஏழைக் குடும்பங்களுக்கும் கிடைத்தது. அவர்களில் கறுப்பினத் தாய்மார், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் மிகுதி. அரசின் துணை வறுமை அளவீட்டின்படி குழந்தை வறுமை அந்த ஆண்டு 5.2 விழுக்காடாக இறங்கியது. டிசம்பரோடு திட்டத்தை முடித்துக்கொண்டார்கள். மறு ஆண்டே 12.4 விழுக்காடு. அந்த 2022 ஜூனில்தான் விலையேற்றம் 9.1 விழுக்காட்டைத் தொட்டது. கையில் வந்துகொண்டிருந்த 300 டாலரைப் பிடுங்கிக்கொண்டு, முட்டை விலையையும் ஏற்றிவிட்டு, அதே தாயிடம் இரண்டு ஆண்டு கழித்து வாக்குக் கேட்கப் போனார்கள். அவள் வராததற்குத் திருநர் காரணமாம்.

கூலிக்காரரின் கட்சி என்று சொல்லிக்கொள்பவர்கள் அதே மார்ச்சில் செய்ததையும் பார்க்கலாம். தேசியக் குறைந்தபட்சக் கூலி 2009இலிருந்து மணிக்கு 7.25 டாலர். உணவகத்தில் பரிமாறுகிறவர்களுக்கு, வாடிக்கையாளர் தரும் டிப்ஸைக் காட்டி, முதலாளி 2.13 டாலர் கொடுத்தால் போதும். அந்தத் தொகை 1991இலிருந்து அசையவில்லை. இப்படி டிப்ஸை நம்பி வாழ்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். பாலியல் சீண்டலுக்குச் சிரித்துக்கொண்டே தட்டை வைத்தால்தான் அன்றைய வாடகை தேறும். இது கூலிப் பிரச்சினையா, பெண் பிரச்சினையா? கூலியை 15 டாலராக்க சாண்டர்ஸ் கொண்டுவந்த திருத்தம் செனட்டில் 42-58 என்று தோற்றது. எதிர்த்தவர்களில் எட்டுப் பேர் ஜனநாயகக் கட்சி அணியினர். எட்டில் மூவர் பெண்கள். அவர்களில் கிர்ஸ்டன் சினிமா, தன்னை இருபாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்துச் செனட்டுக்கு வந்த முதல் ஆள். கட்டை விரலைக் கீழ்நோக்கிக் காட்டி வாக்களித்தார். இதைப் பிரதிநிதித்துவம் என்று கொண்டாடச் சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

சாண்டர்ஸ் 2024 தோல்விக்கு மறுநாள், உழைக்கும் வர்க்கத்தைக் கைவிட்ட கட்சியை அந்த வர்க்கம் கைவிட்டதில் வியப்பில்லை என்றார். சரியான பேச்சு. 2021இல் காப்பகத்துக்கும் பராமரிப்புக்கும் சேர்த்துச் செனட்டில் வரவுசெலவுத் தீர்மானம் கொண்டுவந்ததும் அவர்தான், அதையும் மறைக்கக் கூடாது. என் தகராறு அவருடைய பேச்சை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து பெண்ணை உருவி எறிந்துவிட்டு மேடையேறும் ஆலோசகர்களோடுதான். அவர்களுடைய 'உழைக்கும் வர்க்கம்' தலைக்கவசம் போட்ட வெள்ளை ஆண். அந்தப் படத்துக்கும் ஒரு சட்ட வரலாறு உண்டு. 1938இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது பண்ணைத் தொழிலாளரையும் வீட்டு வேலை செய்வோரையும் வெளியே நிறுத்தினார்கள். தென்மாநிலங்களில் அந்த வேலைகளைச் செய்தவர்கள் கறுப்பினத்தவர். வீட்டு வேலை செய்த பெண்கள் அந்தச் சட்டத்துக்குள் நுழைய 1974 ஆயிற்று. பொருளாதாரம் மட்டும் பேசிய பொற்காலம் என்று இவர்கள் ஏங்குவது அந்தக் காலத்துக்குத்தான்.

கருக்கலைப்பைப் 'பண்பாட்டுப் பிரச்சினை' என்று பெட்டியில் போட்டு மூடுவதும் இதே வேலைதான். அங்கே கருக்கலைப்புக்கு வருவோரில் பத்துக்கு ஆறு பேர் ஏற்கெனவே தாய்மார்கள். இருக்கிற பிள்ளைக்குச் சோறு போட வேண்டுமே என்ற கணக்கோடு வருகிறவர்கள். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டயானா கிரீன் ஃபாஸ்டர் தலைமையிலான டர்ன்அவே ஆய்வு, கருக்கலைப்பு கிடைத்தவர்களையும் மறுக்கப்பட்டவர்களையும் ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தது. மறுக்கப்பட்டவர்கள் கடனிலும் வறுமையிலும் கூடுதலாகச் சிக்கினார்கள். அடிக்கிற துணையிடமிருந்து விலகவும் அவர்களுக்குக் கூடுதல் காலம் பிடித்தது. 1976இலிருந்து ஹைட் சட்டத்திருத்தம், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டின் மத்திய நிதியைக் கருக்கலைப்புக்குக் கொடுக்காமல் தடுக்கிறது. பணம் உள்ளவளுக்கு உரிமை, இல்லாதவளுக்கு உபதேசம். இதைவிடத் துலக்கமான வர்க்கப் பிரச்சினையை எனக்கு யாராவது காட்டட்டும்.

பெண்கள் எல்லாரும் ஒரே அணி என்று நான் சொல்லவில்லை. கறுப்பினப் பெண்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஹாரிஸுக்கு வாக்களித்தார்கள். வெள்ளையினப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் டிரம்புக்கு. நிறமும் ஒரு சொத்துதான், அதைக் காப்பாற்றிக்கொள்ளவும் வாக்களிப்பார்கள். வெறும் விலைவாசி பேசுகிறவர்களால் இதை விளக்கவே முடியாது.

இனி மிசௌரி மாநிலத்துக்கு வருவோம். 2024 நவம்பரில் டிரம்ப் அங்கே பதினெட்டு விழுக்காடு வித்தியாசத்தில் வென்றார். அதே நாள், அதே வாக்குச்சீட்டில் மக்களிடம் வேறு இரண்டு கேள்விகளும் இருந்தன. கூலியை மணிக்கு 15 டாலராக உயர்த்தி, முப்பது மணி நேர வேலைக்கு ஒரு மணி நேரம் ஊதியத்தோடு நோய் விடுப்பு தரலாமா? கருக்கலைப்பு உரிமையை மாநில அரசமைப்பில் எழுதலாமா? இரண்டுக்கும் பெரும்பான்மை கிடைத்தது. கூலிக்கு வாக்களித்தால் கருப்பை உரிமைக்கு வாக்களிக்க மாட்டார்கள், ஒன்றைச் சொன்னால் மற்றது கெடும் என்ற ஆலோசகர்களின் சூத்திரம் டிரம்பின் கோட்டையிலேயே பலிக்கவில்லை. மக்கள் இரண்டையும் கேட்டார்கள். இரண்டையும் நம்பி ஒப்படைக்கிற கட்சியாக ஜனநாயகக் கட்சியைத்தான் அவர்கள் பார்க்கவில்லை.

எதிரிக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. பதவியேற்ற மறுநாள் டிரம்ப் ரத்து செய்த ஆணைகளில் ஒன்று, அரசு ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனங்கள் வேலையில் இனப் பாகுபாடு காட்டக் கூடாது என்று ஜான்சன் 1965இல் பிறப்பித்தது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டையும் சில ஆண்டுகளிலேயே அதில் சேர்த்திருந்தார்கள். 'சமூகநீதி'யில் கைவைத்தார் என்றார்கள். போனது வேலை. 2025 ஜூலையில் கையெழுத்தான பெரும் வரவுசெலவுச் சட்டம் மெடிக்கெய்டையும் உணவு உதவியையும் வெட்டியது. அதே சட்டத்திலேயே பிளான்டு பேரன்ட்ஹுட் மருத்துவமனைகளுக்குப் போகும் மெடிக்கெய்ட் பணத்தையும் ஓராண்டுக்கு நிறுத்தினார்கள். சோறும் கருப்பையும் ஒரே காகிதத்தில்.

மிசௌரியில் புதிய நோய் விடுப்பு 2025 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மே 14 அன்று மாநிலச் செனட்டின் குடியரசுக் கட்சியினர் விவாதத்தை வெட்டி முடித்துவிட்டு, அந்த விடுப்பை நீக்கும் மசோதாவை நிறைவேற்றினார்கள். கருக்கலைப்பு உரிமையை மீண்டும் பறிப்பதற்கான முன்மொழிவை 2026 வாக்குச்சீட்டில் வைக்கவும் தீர்மானித்தார்கள். அதே முன்மொழிவுக்குள், சிறார் திருநருக்கான சிகிச்சைத் தடையையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். கூலிக்காரியின் காய்ச்சல் நாள், அவளுடைய கருப்பை, ஒரு திருநர் குழந்தையின் மருந்து. மூன்றுக்கும் ஒரே அவையில் ஒரே நாள் போதுமானதாக இருந்தது.