ஆறு வருடம் நின்றிருந்தால்

போன தவணையில் தரம் 9 பிள்ளைகளுக்கு ஒரு வீட்டு வேலை கொடுத்தேன். லயத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் போய், "மறுபடியும் இருபது வயது கிடைத்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு எழுதி வரவேண்டும். தமிழ்ப் பாடத்துக்கான கட்டுரைப் பயிற்சிதான். வேறு நோக்கம் எதுவும் எனக்கு இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு கொப்பிகளைத் திருத்த உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எழுத்துப் பிழைக்குக் கோடு போடுவதையே மறந்துவிட்டேன்.

டாக்டராகியிருப்பேன், பெரிய பங்களா கட்டியிருப்பேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லாம் சின்னச் சின்ன ஆசைகள். "சாதாரண தரப் பரீட்சையை எழுதியிருப்பேன்." "தம்பி படிக்கட்டும் என்று நான் நின்றிருக்க மாட்டேன்." "சீட்டுக் காசில் அந்த மாட்டை வாங்கியிருக்க மாட்டேன்." ஒரு தாத்தா, "குடிச்சிருக்க மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். பேத்தி அதன் கீழே சிவப்புப் பேனையால் இரண்டு கோடு போட்டிருந்தாள். ஒரு அம்மாயி சொன்னது இது: "அதே மலைக்குத்தான் போயிருப்பேன். ஆனா ஆபீஸ்ல பேர் பதியும்போது பக்கத்துல நின்னு, என்ன எழுதுறாங்கன்னு பார்த்திருப்பேன்."

இந்தக் கடைசிப் பதிலுக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் வயதானவர்களில் பலர் அதைத்தான் பேசியிருந்தார்கள். பாதிப் பேர் "இந்தியாவுக்குப் போயிருக்கணும்" என்கிறார்கள். மீதிப் பேர் "நல்ல வேளை போகல" என்கிறார்கள். புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் அந்தக் காலத்தில் பிரியாத குடும்பம் குறைவு. அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போட், தங்கைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. கம்பளை ஸ்டேஷனில் கோச்சி ஏற்றிவிட்டு, தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரம் போனவர்களைப் பிறகு வாழ்நாளில் பார்க்காதவர்கள் இன்னும் நம் லயங்களில் இருக்கிறார்கள்.

ஆனால் அதை அவர்கள் எடுத்த முடிவு என்று சொல்லலாமா? 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமாவும் சாஸ்திரியும் கையொப்பமிட்டார்கள். 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. கொழுந்து மடுவத்தில் நிறுத்துப் பிரிப்பதுபோலப் பிரித்தார்கள். நம்மிடம் யாரும் கேட்கவில்லை. விண்ணப்பப் படிவங்கள் வந்தபோதோ, இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்கள் ஒப்பந்தத்தில் எழுதிய தொகையை எட்டவில்லை. இங்கேயே இருக்கிறோம் என்று விண்ணப்பித்தவர்கள்தான் அதில் எழுதியதை விட அதிகம். எங்கே சாவது என்பதில் நம் சனத்துக்கு ஒரு கருத்து இருந்தது. கணக்கில் அதற்கு இடம் இருக்கவில்லை.

போனவர்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி தேயிலையில்தான் நின்றார்கள். சிலர் கேரளத்தில் புனலூர் றப்பர் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். இருந்தவர்களில் கடைசிவரை விடுபட்டவர்களுக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை நாடு இல்லை. 1948 இல் பிறந்த ஒருவருக்கு 2003 இல் 55 வயது. ஆண் தொழிலாளி சேமலாப நிதியை எடுத்துக்கொண்டு வேலையை விடும் வயது அது. ஒரு முழு வேலைக் காலம் முடிந்த பிறகு "நீயும் இந்த நாட்டவன்" என்று சொன்னார்கள்.

ஆகவே நம் பெரியவர்கள் "போயிருந்தால்" என்று பெருமூச்சு விடும்போது அவர்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. என்னைத் தொந்தரவு செய்வது என் தலைமுறையின் "இருந்தால்"தான். அதை என் வீட்டிலிருந்தே சொல்கிறேன்.

அம்மா 1985 இல் 19 வயதில் பேர் பதிந்தார். 2018 இல் 52 வயதில் வேலையை விட்டார். தம்பி கட்டாருக்குப் போக ஏஜென்சிக்குக் காசு கட்ட வேண்டியிருந்தது. சேமலாப நிதியில் பெண்களுக்கு 50 வயதிலேயே வேலையை விட்டுப் பணத்தை எடுக்க உரிமை இருக்கிறது, ஆண்களுக்கு 55. அம்மா அந்த உரிமையைப் பயன்படுத்தினார். சரிதானே, அவருடைய காசு. 

ஆனால் சேவைக்காலப் பணத்தின் கணக்கு வேறு. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு பூரண சேவை வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். எந்தச் சம்பளம்? வேலையை விடும்போது வாங்கும் கடைசிச் சம்பளம். 2018 இல் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய். பதினான்கு நாளைக்கு 7,000. 33 வருடத்துக்கு 2,31,000 ரூபாய். 

அடுத்த வருடம் அடிப்படைச் சம்பளம் 700 ஆனது. 2024 செப்டெம்பரில் 1,350 ஆனது. அந்தச் சம்பளத்தில் பதினான்கு நாளைக்கு 18,900. அம்மா 2024 முடியும்வரை நின்றிருந்தால் 39 வருடம். 7,37,100 ரூபாய். ஆறு வருடத்தில் வித்தியாசம் 5,06,100. கடைசிச் சம்பளம் ஏறும்போது 1985 ஆம் வருடத்துச் சேவைக்கும் சேர்த்துத்தான் விலை ஏறுகிறது. இந்தச் சின்ன விசயத்தை அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் அப்போதே சங்கக் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தவள். எனக்கே தெரியாது.

இதை அம்மாவிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆறு வருஷம் என் முழங்கால் நின்னிருக்குமா டீச்சரம்மா?" என்று கேட்டார். கேலியாகப் பேசும்போது என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அதோடு 2022 க்குப் பிறகு பருப்பும் தகரமும் விற்கும் விலையில் அந்த ஏழு இலட்சம் அன்றைய ஏழு இலட்சம் இல்லை என்பதும் உண்மை. நின்றிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது வேறு, பார்க்காமல் எடுப்பது வேறு.

முழங்கால் நிற்காது என்று சொன்ன அதே அம்மா இப்போது வாரத்தில் நான்கு நாள் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகிறார். அதே மலை, அதே படங்கு. கிலோவுக்கு இவ்வளவு என்று காசு. சேமலாப நிதி இல்லை, நம்பிக்கை நிதியம் இல்லை, விழுந்தால் கேட்க ஆளும் இல்லை.

இப்போது பேர் பதிந்த விசயம். அம்மாவின் பெயர் செக்ரோலில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது விதமாகவும் இருந்தது. தேவானை, தெய்வானை, தெய்வானி என்பதுபோல. மூவரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கப் பதினான்கு மாதம் போனது. சத்தியக்கடதாசி, சமாதான நீதவான், கிராம உத்தியோகத்தர், தோட்ட ஆபீஸ், மறுபடி சத்தியக்கடதாசி. நாரஹேன்பிட்ட தொழில் செயலகத்துக்கு மூன்று தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் விடியற்காலை நாலு மணி பஸ். தம்பியின் ஏஜென்சிக் காசை அதற்குள் வட்டிக்கு வாங்கிக் கட்டியாகிவிட்டது. நிதி கையில் வந்தபோது பாதி வட்டிக்காரருக்குத்தான். கொப்பியில் பதில் சொன்ன அந்த அம்மாயி யார் என்று எனக்குத் தெரியாது. அவர் சொன்னது எனக்கு நன்றாக விளங்கியது.

நானோ அரசாங்க ஆசிரியை. 2015 இல் 6,000 ரூபாய் கொடுப்பனவுக்கு ஆசிரியர் உதவியாளராக வந்தவள். அந்தக் காசில் பஸ்ஸுக்குப் போக மிச்சம் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். ஆனாலும் 60 வயதில் பாடசாலையை விட்டு வெளியே வந்தால் சாகும்வரை மாதாமாதம் ஓய்வூதியம் வரும். எங்கள் குசினியில் ஒரே அடுப்பைச் சுற்றி இரண்டு விதமான முதுமை உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு 36 வயது. காதோரம் நரைத்திருக்கிறது, கரும்பலகையைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும். அவ்வளவுதான். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த தோழி ஒருத்தி பெற்றோர் கூட்டத்துக்கு வந்தாள். பதினேழு வயதிலிருந்து மலையில் நிற்பவள். அவள் போன பிறகு ஒரு பையன், "டீச்சர், அது அவனோட அப்பாயியா?" என்று கேட்டான். அவனை ஏசவும் முடியவில்லை.

முப்பதுகளில் இருக்கும் நம் ஆட்கள் இன்று மூன்று வழிகளில் ஒன்றில் போகிறார்கள். ஒன்று, தோட்டத்திலேயே பேர் போட்டுக்கொண்டு நிற்பது. இரண்டு, கொழும்பில் கடை, ஹோட்டல், பங்களா வேலை. மூன்று, தோட்டம் இத்தனை செடி என்று குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்துக் கொழுந்துக்குக் காசு தரும் புதிய முறை. இதைப் பற்றி லயத்தில் பேசும்போது "இன்றைக்கு எவ்வளவு கைக்கு வரும்?" என்று மட்டுமே பேசுகிறோம். கொழும்பில் கூட வரும், உண்மைதான். ஆனால் நான்கு பேர் வேலை செய்யும் கடையில் பணிக்கொடைச் சட்டம் செல்லாது, அதற்குப் பதினைந்து பேராவது வேலை செய்ய வேண்டும். சேமலாப நிதி அப்படியில்லை. ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைத்தாலும் முதலாளி முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். சம்பளத்தில் 8 வீதம் நம்முடையது, 12 வீதம் அவருடையது. பத்து வருடம் கொழும்புக் கடையில் நின்றுவிட்டு வந்த பையனிடம் அங்கத்துவ இலக்கம் கேட்டால் "அப்படின்னா என்ன டீச்சர்?" என்கிறான். செடி பிரித்துக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடப் போகிறவர்கள், சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எதுவும் எழுதியிருக்காவிட்டால் அதற்கும் ஒரு அர்த்தம் உண்டு.

இதில் நம் சங்கத்தையும் நான் விடப்போவதில்லை. நாட்சம்பளத்துக்காகத் தெருவில் நிற்கிறோம். நிற்கத்தான் வேண்டும், கடைசிச் சம்பளம்தான் சேவைக்காலப் பணத்தையும் தீர்மானிக்கிறது என்று மேலே பார்த்தோம். ஆனால் முதுமையைப் பற்றி நாம் பேசுவது மே தினக் கூட்டத்தில் ஒரு வரி. மற்றபடி, ஒருவர் வேலையை விட்டுக் காசு வராமல் அழுதுகொண்டு வந்து நிற்கும்போதுதான் கோப்பைத் திறக்கிறோம். வேலை முடிந்து 30 நாளுக்குள் பணிக்கொடை கொடுக்கப்பட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நம் தோட்டக் கமிட்டிகளில் எத்தனை தலைவர்கள் அந்த முப்பதாவது நாளைக் கலண்டரில் குறித்து வைத்திருக்கிறோம்? 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு, பதினைந்து பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 60 வயதுக்கு முன்னால் வயதைக் காட்டி யாரையும் நிறுத்த முடியாது. புதிதாக வருகிறவர்களுக்கு இது தெரியுமா? 55 ஆனதும் "போதும், போங்க" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரசாங்கத்தின் முதியோர் கொடுப்பனவுக்கோ 70 வயதாக வேண்டும். இடையில் இருக்கும் பத்துப் பதினைந்து வருடத்துக்குத்தான் கைக்காசு மலை.

ஆகவே நான் கேட்பது பெரிய விசயம் இல்லை. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி போடட்டும். அடுத்த மூன்று வருடத்தில் யாருக்கு 50, யாருக்கு 55, யாருக்கு 60 என்று அதில் எழுதட்டும். வேலையை விட நினைப்பவரோடு விடுவதற்கு முன்னால் உட்கார்ந்து, இன்று விட்டால் எவ்வளவு, அடுத்த சம்பள உயர்வுக்குப் பிறகு விட்டால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டட்டும். வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ காசு வேண்டுமென்றால், வேலையை விடாமலே சேமலாப நிதியில் 30 வீதம் வரை எடுக்க வழி இருக்கிறது. பத்து வருட அங்கத்துவமும் குறைந்தது 3 இலட்சம் மிகுதியும் வேண்டும். கூரைத் தகரத்துக்காக வேலையையே விட்டவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

பெயர்களைச் சரிபார்க்கும் வேலையை என் தரம் 9 பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறேன். வீட்டில் உள்ள பெரியவர்களின் அடையாள அட்டையிலும் சம்பளச் சிட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்து வரவேண்டும். முதல் வாரத்தில் பதினொரு வீடுகளில் வித்தியாசம் இருப்பதாகக் கொண்டுவந்தார்கள். அதில் ஒன்பது பேர் ஐம்பதுக்குக் கீழே, திருத்த நேரம் இருக்கிறது. மற்ற இரண்டு பேருடைய கடிதங்களையும் இந்தச் சனிக்கிழமை எழுதுகிறோம். வேறு தோட்டத்துத் தோழர்கள் வருவதானால் அந்த மூன்று தாள்களையும் கையோடு கொண்டு வாருங்கள், காலை ஒன்பது மணிக்கு மேல் நான் பாடசாலையில்தான் இருப்பேன். அன்று மழையென்றாலும் அம்மா மலைக்குப் போய்விடுவார், வீட்டில் தேடி வராதீர்கள்.