மண்டபம் வேண்டாம், மலை போதும்!

"ம்மா, மண்டபமெல்லாம் வேண்டாம். மலை மேல பத்துப் பேரோட மாலை மாத்திக்கிறோம்."

வேலைக்குப் போகும் மகளோ மகனோ ஒரு நாள் இப்படிச் சொன்னால் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்? அப்பா பதில் சொல்லாமல் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். அம்மா முதலில் "ஊர் என்ன சொல்லும்?" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, "நாம இத்தனை வருஷமா வெச்ச மொய் என்னாகிறது?" என்பார்.

பிள்ளைகள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரு நாள் விருந்துக்காக வாங்கிய கடனைப் பல வருடம் கட்டிய குடும்பங்களைப் பார்த்தே அவர்கள் வளர்ந்திருக்கிறார்கள். அந்தப் பணத்தை வீட்டின் முன்பணமாக வைத்துக்கொள்ள நினைப்பது தவறாகாது. முகம் தெரியாத நூற்றுக்கணக்கானோர் முன் பொம்மை போல நிற்பதும் எல்லாருக்கும் பிடிக்காது.

மலையில் கல்யாணம் வெள்ளைக்காரன் வழக்கம் என்றும் ஒதுக்க முடியாது. நம் முருகன் வள்ளியைக் கண்டு காதலித்தது மலைத் தினைப்புனத்தில்தான். வேலூர் மாவட்டத்து வள்ளிமலையை இன்றும் அந்த இடமாகக் காட்டுகிறார்கள். முருகன் கிழவனாக வந்ததும், பிள்ளையார் யானையாக வந்து பயமுறுத்தியதும், இருவரும் இரவோடு இரவாகக் கிளம்பிப் போனதும் நம் பாட்டிமார் சொன்ன கதைதான். காதலனோடு இப்படிப் புறப்பட்டுப் போவதற்குச் சங்க இலக்கியத்தில் 'உடன்போக்கு' என்று பெயரே உண்டு.

ஆனால் கந்தபுராணத்தில் கதை அத்தோடு முடியவில்லை. துரத்தி வந்த நம்பிராசனும் வேடர்களும் மாண்டு விழுகிறார்கள். பெற்றவர்களின் இசைவு இல்லாமல் போவது சரியில்லை என்று நாரதர் சொல்ல, வள்ளி அவர்களை எழுப்புகிறாள். எல்லாரும் ஊர் திரும்புகிறார்கள். அங்கே நம்பிராசன் தன் கையாலேயே மகளை முருகனுக்குக் கொடுக்கிறான். ஐங்குறுநூற்றிலும் இப்படித்தான். மகள் போன பிறகு தாய் புலம்பும் பத்துப் பாட்டு இருக்கிறது. போனவர்கள் திரும்பி வருவதைச் சொல்லும் 'மறுதரவுப் பத்து'ம் இருக்கிறது. போவதைப் பாடியவர்கள் திரும்பி வருவதையும் பாடி வைத்திருக்கிறார்கள். மலைக் கல்யாணம் செய்ய நினைக்கும் இளையவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுதான்.

நம் பக்கத்து மலை என்றால் குனோங் லேடாங். ஜாசின், ஆசஹான் பக்கம் நின்றாலே தெரியும். 1,276 மீட்டர் உயரம். உச்சி இருப்பது ஜொகூரின் தங்காக் மாவட்டத்தில். மலாக்கா சுல்தான் மஹ்முட் அந்த மலை இளவரசியைப் பெண் கேட்ட கதையைப் பள்ளியிலேயே படித்திருப்போம். பொன்னில் ஒரு பாலம், வெள்ளியில் ஒரு பாலம், ஏழு தட்டு கொசு ஈரல் என்று நிபந்தனைகள் நீண்டு, கடைசியில் சுல்தான் மகனின் இரத்தம் என்றதும் அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. இன்றைய ஜோடிகளுக்கு அவ்வளவு கடுமை இல்லை. இருந்தாலும் சில நிபந்தனைகள் உண்டு.

முதல் நிபந்தனை சட்டம். முஸ்லிம் அல்லாதோருக்கான 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. மலையில் மாலை மாற்றித் தாலி கட்டினால் மட்டும் இந்தச் சட்டத்தின் முன் கணவன் மனைவி ஆகிவிட முடியாது. தேசியப் பதிவிலாகாவில் மனு கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்புக்குச் சட்டம் 21 நாள் வைத்திருக்கிறது. திருமணத்தை ஆறு மாதத்துக்குள் நடத்திவிட வேண்டும். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். 21 வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் கட்டாயம். பதிவாளர் அலுவலகத்துக்கு வெளியே வந்து திருமணத்தை நடத்தித் தர வேண்டுமானால் தனி உரிமம் தேவை. அதைவிட எளிய வழி, முதலில் பதிவிலாகாவிலோ, துணைப் பதிவாளர் உள்ள கோயிலிலோ பதிவை முடித்துவிட்டுப் பிறகு மலை ஏறுவது. பாலி, ஊட்டி என்று வெளிநாட்டு மலைக்குப் போய் அந்நாட்டுச் சட்டப்படி மணந்தாலும் ஆறு மாதத்துக்குள் அதை இங்கே பதிய வேண்டும்.

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது நம்மவர்களின் பழைய பழக்கம். அதற்குத் தோட்டப்புறம் கொடுத்த விலை கொஞ்சமில்லை. பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாமல் அலைந்த பிள்ளைகளை நாம் அறிவோம். பெற்றவர்கள் தோட்டக் கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டதும் அதற்கு ஒரு காரணம். அப்பா மலேசியராக இருந்தாலும் அம்மா வெளிநாட்டவராக இருந்து, திருமணமும் பதியப்படாமல் போனால், பிள்ளையின் குடியுரிமையே கேள்விக்குறியாகிவிடும். வேலையில் கணவர் இறந்தால் சொக்சோவில் மனைவி காட்ட வேண்டியது திருமணப் பத்திரம். எத்தனை அழகான மலைப் படமும் அங்கே செல்லாது.

இரண்டாவது நிபந்தனை மலையுடையது. லேடாங் உச்சிக்குப் போக அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். பல மணி நேரம் ஏற வேண்டும். பட்டுச் சேலையோடு நடக்கிற காரியமில்லை. பாட்டியை அழைத்துப் போகவும் முடியாது. அடிவாரத்தில் சாகில், ஆசஹான் அருவிகள் இருக்கின்றன. ஆனால் மேலே மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் பாய்ந்து வரும். மலாய்க்காரர்கள் இதைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். 2021 ஆகஸ்டில் கெடாவின் குனோங் ஜெராய் மலையிலிருந்து வந்த வெள்ளம் உயிர்களைப் பறித்ததை மறக்க வேண்டாம். அதனால் காலை வேளையைத் தேர்ந்தெடுங்கள். ஆற்றின் நடுப்பாறையில் நின்று படம் எடுக்காதீர்கள். காட்டில் நெருப்பு மூட்டாதீர்கள். ஓமத்தைக் கோயிலில் வைத்துக்கொள்ளலாம்.

பெரியவர்களும் கூட இருக்க வேண்டும் என்றால் அதற்கேற்ற மலைகளும் உண்டு. பினாங்குக் கொடிமலையில் முருகன் கோயில் இருக்கிறது, 1923லிருந்து ரயிலும் ஓடுகிறது. கேமரன் மலையில் பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயில் வாசல் வரை கார் போகும். மலாக்காவை விட்டு நகர மனமில்லை என்றால், மாசி மகத்துக்கு நாம் கூடும் செங் சன்னாசிமலை ஆண்டவர் இருக்கவே இருக்கிறார். எங்கே போனாலும் நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நிபந்தனைதான் கொஞ்சம் கடினம். தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, மக்கள் ஆலோர் காஜா, மெர்லிமாவ், சிரம்பான், கிள்ளான் என்று சிதறிய பிறகு, பழைய பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்ப்பது எங்கே? கல்யாணத்திலும் சாவிலும்தான். அம்மா மொய்யைப் பற்றிக் கேட்டது பணத்துக்காக மட்டுமல்ல. முப்பது வருடமாக மற்றவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் காய் நறுக்கி, இலை போட்டு, "நம்ம வீட்டு விசேஷத்துக்கும் இவங்கல்லாம் வருவாங்க" என்று காத்திருந்தவர் அவர். பத்துப் பேர் கல்யாணத்தில் அவர் இழப்பது அந்த ஒரு நாளை.

அந்த நாளைத் திருப்பிக் கொடுக்க ஐந்து நட்சத்திர விடுதி வேண்டியதில்லை. மலையிலிருந்து இறங்கிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பழைய தோட்டக் கோயிலில் ஓர் அர்ச்சனை, வாழையிலையில் சைவச் சாப்பாடு போதும். யார் யாரை அழைப்பது என்ற பட்டியலை அம்மாவிடமே விட்டுவிடுங்கள். மலையில் நிற்கப் போகும் அந்தப் பத்துப் பேரில் முதல் நால்வர் இரு வீட்டுப் பெற்றோர்தான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். படத்தைப் போட்டு ஊருக்கு அறிவித்த பிறகு அப்பாவுக்குத் தெரிவது சிக்கனமாகாது. அது மனவேதனை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கேட்டு நிற்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டால், அடுத்த முறை கேட்காமலே போய்விடுவார்கள். நம்பிராசன் வில்லைக் கீழே வைத்த பிறகுதான் மருமகன் முருகன் என்பது அவருக்கே தெரிந்தது. முதலில் பதிவிலாகாவில் ஒரு நாள் குறிக்கச் சொல்லுங்கள். சாட்சிக் கையெழுத்துப் போட நீங்களே போங்கள். பிறகு மலைக்கு நல்ல சப்பாத்து வாங்குங்கள்.