கோயில் வாசலில் நமக்கென்ன வேலை?

தோழனே!

"கடவுள் இல்லை என்பவனுக்குக் கோயில் வாசலில் என்ன வேலை?" என்று கேட்போர் இரு சாரார். நம் நிழல் பட்டாலே தூய்மை கெடும் என்று துடிக்கும் பழமைக் காவலர் ஒரு சாரார். கொள்கைப் பற்றின் மிகுதியால், அந்தத் திக்கை ஏறிட்டுப் பார்ப்பதே குற்றம் என்று கருதும் நம்மவர் மற்றொரு சாரார். இருவர் நோக்கமும் வேறு வேறு; விளைவோ ஒன்றுதான். பல நூறு ஆண்டுகளாக இந்நாட்டு மக்கள் தம் வியர்வையையும் கண்ணீரையும் கனவையும் கொட்டிக் குவித்த கருவூலத்தின் திறவுகோல், ஒரு சிலர் மடியிலேயே என்றென்றும் தங்கிவிடும்!

ஆகவே, இன்று என்னோடு திருப்புட்குழிக்கு வா. நம்பிக்கையோடு வரவேண்டியதில்லை, கண்களைத் திறந்துகொண்டு வந்தால் போதும்.

காஞ்சியிலிருந்து வேலூர் செல்லும் வழியில், பாலுசெட்டி சத்திரத்தை அடுத்திருக்கிறது அவ்வூர். விசயராகவப் பெருமாள் கோயில் கொண்ட ஊர். வைணவர் போற்றும் 108 திருப்பதிகளுள் ஒன்று. புள் என்றால் பறவை. சீதையைக் கவர்ந்து சென்ற இராவணனை எதிர்த்து வீழ்ந்த சடாயுவுக்கு, இராமன் ஈமக்கடன் செய்த இடம் இதுவென்பது ஊரார் நம்பிக்கை. கோயில் குளத்துக்கும் அந்தப் பறவையின் பெயரே.

இராமகாதையை நாம் எப்படி நோக்குகிறோம் என்பது நாடறிந்தது. 1943இல் அறிஞர் அண்ணா, சேதுப்பிள்ளையோடும் நாவலர் பாரதியாரோடும் நிகழ்த்திய சொற்போர்கள் 'தீ பரவட்டும்' என்னும் நூலாக நிற்கின்றன. அந்த வாதத்தில் ஓர் எழுத்தையும் நான் திரும்பப் பெறவில்லை. ஆனாலும் எண்ணிப் பார்! முதுமையால் தளர்ந்த ஒரு பறவை, வெல்ல முடியாது என்று தெரிந்தும், ஒரு பெண்ணின் கூக்குரலுக்காக வலியவனை வழிமறிக்கிறது, வீழ்கிறது. தந்தைக்கு மகன் செய்யும் கடனை அதற்குச் செய்கிறான் ஓர் அரசகுமரன். இது நடந்ததா? நடக்கவில்லை என்பதே என் துணிபு. ஆயினும், தோற்பது உறுதி என்று தெரிந்தும் எதிர்த்து நின்றவனை மறக்கலாகாது என்ற எண்ணத்தை, ஓர் ஊரின் பெயராக்கி வழிவழியாகக் காத்திருக்கிறார்களே மக்கள், அது நடந்த உண்மையன்றோ!

"அதற்குக் கோயில் எதற்கு?" என்பாய். உன்னையே கேட்டுக்கொள். 1939இல் மொழிக்காக மாண்ட நடராசனையும் தாளமுத்துவையும், அவர்க்குப் பின் மாண்டவர்களையும் எண்ணி, ஆண்டுதோறும் சனவரி 25இல் மலர் வைக்கிறோமே, அந்த மலரை மாண்டவர் முகர்வார் என்றா நம்புகிறோம்? இல்லை! மலர் வைக்கும் நம் நெஞ்சம் உறுதி பெறுகிறது. உடன் நிற்கும் இளைஞனுக்கு ஒரு வரலாறு கைமாறுகிறது. நினைவுக்கு ஒரு நாள் வேண்டும், ஓர் இடம் வேண்டும், பலர் கூடிச் செய்யும் ஒரு செயல் வேண்டும். இந்த உண்மையை நமக்கு நெடுங்காலம் முன்பே அறிந்து வைத்திருந்தது சமயம். அதன் விடையை நாம் ஏற்கவில்லை. ஆனால் அது கண்டறிந்த தேவை நமக்கும் உண்டு.

இன்னொன்றும் கேள். இதே ஊரில்தான் யாதவப்பிரகாசர் பாடம் நடத்தினார் என்றும், இளைஞர் இராமானுசர் அவரிடம் பயின்றார் என்றும் வைணவ மரபு கூறும். ஆசான் சொன்ன பொருள் பிழை என்று மாணவர் மறுத்தார். குருவின் சினம் கொலைச் சூழ்ச்சி வரை சென்றது. இறுதியில் அந்தக் குருவே மாணவருக்கு மாணவரானார் என்பதும் அதே மரபு சொல்வதே. பிராமணரல்லாத திருக்கச்சி நம்பியை ஆசானாகப் போற்றி, அவர் உண்ட மிச்சிலை உண்ண விழைந்தவர் இராமானுசர் என்றும் அது சொல்கிறது.

பெரியாரின் பாசறையில் வளர்ந்து இறுதிவரை நாத்திகராகவே வாழ்ந்த கலைஞர், தொண்ணூறைக் கடந்த அகவையில், 2015இல், அந்த இராமானுசரின் வரலாற்றைத் தொலைக்காட்சித் தொடராக எழுதினார். கொள்கை தளர்ந்தா? அன்று! பிறப்பால் உயர்வு தாழ்வு பேசியோரை, அவர்தம் சமயத்துக்குள்ளிருந்தே மறுத்த ஒருவரை, அவர்களுக்கே விட்டுக்கொடுக்க மனமில்லாமல்!

இனி, நமக்குக் கடினமான இடத்துக்கு வருவோம். குழந்தைப் பேறு வேண்டும் பெண்கள், இக்கோயிலில் வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு உறங்குவர். விடியலில் அது முளைத்திருந்தால் வேண்டுதல் பலிக்கும் என்பது நம்பிக்கை. வறுத்த பயறு முளைக்காது என்பது உழவன் மகனான உனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் வருகிறாள்? "மலடி" என்ற ஒரு சொல்லால் ஊரும் உறவும் அவளை வறுத்தெடுத்ததால் வருகிறாள். அவளைப் பார்த்துச் சிரிப்பது பகுத்தறிவாகாது. அந்தச் சொல்லை அகராதியிலிருந்து விரட்டுவதும், மருத்துவத்தை அவள் வாசலுக்குக் கொண்டு செல்வதும், அதுவரை அவள் துயரத்தின் முன் அமைதி காப்பதும்தான் பகுத்தறிவு. மக்களின் வலி எங்கே இருக்கிறது என்று அறிய விரும்புவோன், அவர்கள் எதை வேண்டி எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கவேண்டாமா?

அப்படிப் பார்த்ததால்தான், கடவுளை மறுத்த பெரியார் கருவறையில் மனித உரிமையைக் கேட்டார். அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராக வழிசெய்ய 1970இல் சட்டம் வந்தது. 1972இல் உச்சநீதிமன்றம் பரம்பரை உரிமையை ஒழித்தது செல்லும் என்றது; ஆனால் ஆகமம் என்னும் தடை நீடித்தது. 2021 ஆகஸ்டு 14 அன்று, முறையாகப் பயிற்சி பெற்ற பல்வேறு சாதியினர் 24 பேர் அர்ச்சகர்களாக அமர்த்தப்பட்டனர். அரை நூற்றாண்டு! அந்தப் பணி தமக்கு வேண்டுமென்றா நாத்திகர் போராடினர்? இல்லை. நம்புகிறவனும் மனிதன், அவன் நம்பும் இடத்திலேயே அவனை இழிவுபடுத்துவதை நம்பாதவனும் பொறுக்கலாகாது என்பதற்காக!

ஆகவே, தோழனே, கும்பிடு என்று நான் சொல்லவில்லை. கும்பிடுகிறவனை இகழாதே என்கிறேன். நம்பிக்கையை ஏற்காதே, அதற்குள் மக்கள் சேர்த்து வைத்த மனிதத்தை விட்டுக்கொடுக்காதே என்கிறேன். சாதியைக் காக்கும் சாத்திரம் எதுவாயினும் எதிர்த்து நில். அந்தச் சாத்திரத்தை மீறியவர் எவராயினும் அவரை நம்மவராகக் கொள்.

கோயில் வாசலில் நமக்கென்ன வேலை? இன்னும் எவனேனும் ஒருவன் அங்கே தடுத்து நிறுத்தப்படும் வரை, அவனுக்குப் பக்கத்தில் நிற்பதே நமக்கு வேலை!