பட்டத்தோடு முடிவதன்று வைத்தியர் கல்வி

நீக்கப்பட்ட சட்டத்தை எடுத்துக்காட்டி வாதாடும் வழக்கறிஞரை நீதிமன்றம் பொறுத்துக்கொள்வதில்லை. புதிதாக வந்த பூச்சிக்கும் பழைய மருந்தையே தெளித்துவிட்டு வரம்பில் அமர்ந்திருக்கும் கமக்காரனை வயல் மன்னிப்பதில்லை. ஆயின், இருபது ஆண்டுகளுக்கு முன் கற்றதை இன்றும் அவ்வாறே செய்யும் வைத்தியரை மட்டும் எவரும் கேள்வி கேட்பதில்லை. எல்லா நோய்களிலும் இந்த மௌனம் தீங்கானது. எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோரின் பராமரிப்பிலோ இது உயிரோடு விளையாடும் மௌனமாகும் என்பதை நாம் ஒளிவுமறைவின்றிக் கூற விரும்புகின்றோம்.

இத்துறையில் நம் நாடு சாதித்ததை நாம் குறைத்து மதிப்பவர்கள் அல்லர். 1987ஆம் ஆண்டில் இலங்கையில் முதலாவது தொற்று இனங்காணப்பட்டது. 2004ஆம் ஆண்டு தொடக்கம் வைரசை அடக்கும் மருந்துகள் அரசினால் இலவசமாக வழங்கப்பட்டு வருகின்றன. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடென 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார தாபனம் இலங்கையை அங்கீகரித்தது. கிராமந்தோறும் கர்ப்பிணிகளின் வீட்டுப்படி ஏறி இறங்கிய குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும், தாதியருக்கும், வைத்தியருக்கும் உரிய பெருமை அது.

ஆனால், தொற்று அரிதாயிருப்பதே நமக்கு ஓர் ஆபத்தாகவும் அமைந்துவிட்டது. நாள்தோறும் காணும் நோயை வைத்தியர் மறப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் காணாத நோய் நினைவிலிருந்து நழுவிவிடுகின்றது. தொற்றுடையவர் முதன்முதலில் பாலியல் நோய்த் துறையின் விசேட வைத்தியரைத் தேடிச் செல்வதில்லை. காய்ச்சல் என்று பிரதேச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் வரிசையில் நிற்கின்றார். இளவயதில் அக்கி, வாயில் வெண்படை, திரும்பத் திரும்ப வரும் நியூமோனியா, காரணம் தெரியாத மெலிவு, காசநோய் இவற்றுள் ஏதேனும் ஒன்றோடு அவர் வரலாம். அவ்வேளை “ஓர் இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்போம்” என்று அவ்வைத்தியருக்குத் தோன்றாவிடின், உயர்ந்த மருந்து நாட்டில் இருந்தும் பயன் யாது?

இனி, அறிவு எவ்வளவு விரைவாக மாறியது என்பதைப் பார்ப்போம். மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் நோயாளி பிழைத்து வாழலாம் என்பது 1996ஆம் ஆண்டில் உலகுக்குத் தெளிவாயிற்று. சிகிச்சையை எப்போது தொடங்குவது என்ற வினாவுக்கு விடை அதன்பின் பலமுறை மாறியது. நிர்ப்பீடன வலுவைக் காட்டும் சீ.டி. 4 கலங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 200க்குக் கீழிறங்கும்வரை காத்திருக்கலாம் என்பதே 2006ஆம் ஆண்டின் வழிகாட்டல். 2010இல் அது 350 ஆயிற்று. 2013இல் 500 ஆயிற்று. 2015இல் உலக சுகாதார தாபனம் எண்ணிக்கையைப் பாராமல் தொற்றுள்ள அனைவருக்கும் சிகிச்சை தொடங்குக என்றது. ஒன்பது ஆண்டுகளில் நான்கு விதிகள்! 2006இல் கற்றதோடு புத்தகத்தை மூடிய வைத்தியர் தம் நோயாளியைக் காக்க வைத்தே நலியச் செய்வார். அவர் கொடியவர் அல்லர். கற்றதை நிறுத்தியவர், அவ்வளவே.

ஒருமுறை மட்டும் புதிதாகக் கற்றுக்கொண்டாலும் போதாது என்பதற்கு மற்றொரு சான்று உண்டு. டொலுடெக்ராவிர் என்னும் மருந்து ஆற்றல் மிக்கது, பக்கவிளைவு குறைந்தது. 2018ஆம் ஆண்டில் பொட்சுவானாவில் நடந்த ஆய்வொன்று, கருவுறும் வேளையில் அதை உட்கொண்ட பெண்களின் 426 பிரசவங்களில் 4 குழந்தைகளுக்கு மூளை, முள்ளந்தண்டு சார்ந்த பிறவிக் குறை இருந்ததாக அறிவித்தது. உலகெங்கும் எச்சரிக்கை பிறந்தது. பல நாடுகளில் இளம்பெண்களுக்கு அம்மருந்து மறுக்கப்பட்டது. மேலும் பல பிரசவங்கள் கணக்கிற் சேரச்சேர அந்த அச்சம் வலுவிழந்தது. 2019ஆம் ஆண்டில், கருத்தரிக்கக்கூடிய பெண்கள் உட்பட அனைவருக்கும் அதுவே முதல் தெரிவென உலக சுகாதார தாபனம் பரிந்துரைத்தது. 2018இல் கருத்தரங்கொன்றுக்குச் சென்று, பின்னர் எதிலும் கலந்துகொள்ளாத வைத்தியர், நல்ல மருந்தைத் தம் பெண் நோயாளிகளுக்கு இன்றும் மறுத்துக்கொண்டிருக்கக்கூடும். கல்லாமை மட்டுமன்று, பாதியில் விட்ட கல்வியும் தீங்கு செய்யும்.

அதே மருந்தைக் காசநோயும் உள்ள ஒருவருக்குக் கொடுக்கும்போது, காசநோய்க்குரிய றிபாம்பிசின் அதன் அளவை உடலில் குறைத்துவிடுகின்றது. அதனால் நாளொன்றுக்கு ஒருமுறை கொடுக்கும் 50 மில்லிகிராமை இருமுறை கொடுத்தல் வேண்டும். நெஞ்சுநோய்ச் சிகிச்சை நிலையத்தில் இருப்பவர் இதனை அறியாவிடின், இரு நோய்களில் ஒன்று மேலோங்கும். இத்தொற்றுடையோர் இன்று முதுமைவரை வாழ்கின்றனர். ஆதலின் அவர்களின் இதயத்தையும் கவனித்தல் வேண்டும். 12 நாடுகளில் 7,769 பேரிடம் நடத்தப்பெற்று 2023இல் வெளியான ஆய்வில், கொழுப்பைக் குறைக்கும் பிற்றவஸ்ரற்றின் என்னும் மாத்திரை அவர்களின் மாரடைப்பு முதலான பெரும் இதயநோய் நிகழ்வுகளை 35 வீதம் குறைத்ததாகக் காணப்பட்டது. எனவே இது விசேட வைத்தியருக்கு மட்டும் உரிய கல்வியன்று. குடும்ப வைத்தியரும், மகப்பேற்று வைத்தியரும், மருந்தாளரும் கற்கவேண்டியது.

உடலுக்கு மருந்து ஒருபுறமிருக்க, மானத்துக்கு மருந்தும் வேண்டும். ஒழுங்காகச் சிகிச்சை பெற்று, இரத்தத்தில் வைரசு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து பாலுறவு மூலம் தொற்றுப் பரவுவதில்லை என்பது 2016, 2019ஆம் ஆண்டுகளில் வெளியான பெரும் ஆய்வுகளால் நிலைநாட்டப்பட்டது. தொற்றுடையவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினாலும் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் ஏறக்குறைய மூன்றே. 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் மருந்துண்டால் அதுவும் பெரிதும் தவிர்க்கப்படும். இதை அறிந்த தாதி நோயாளியைத் தொட அஞ்சமாட்டாள். இதை அறியாத விடுதியில் கட்டில் ஒதுக்கப்படுகின்றது. குறிப்பேட்டில் எல்லோரும் காண அடையாளம் இடப்படுகின்றது. சத்திரசிகிச்சை நாள் தள்ளிப்போகின்றது. 2016ஆம் ஆண்டில் இந்நாட்டில் ஒரு சிறுவனுக்குத் தொற்று இருப்பதாக எழுந்த வெறும் வதந்தியால் பாடசாலைக் கதவுகள் அடைபட்டன. அவனது கல்வியுரிமைக்காக உயர் நீதிமன்றம்வரை செல்ல வேண்டியதாயிற்று. ஊரின் அச்சத்தைப் போக்கும் வல்லமை வைத்தியரின் ஒரு சொல்லுக்கு உண்டு. அந்த வைத்தியரே அஞ்சினால் ஊர் யாரை நம்பும்?

சட்டம் இதைப்பற்றி யாது கூறுகின்றது எனச் சிலர் கேட்பர். வைத்தியரின் கவனக்குறைவை அளக்குமிடத்துச் சட்டம் வேண்டுவது மேதையின் திறமையன்று. அத்துறையில் நியாயமான தேர்ச்சியுள்ள ஒருவரின் கவனமும் திறமையுமே. அந்த அளவுகோல் அவர் பட்டம் பெற்ற ஆண்டுக்குரியதன்று. சிகிச்சை அளித்த நாளுக்குரியது. ஆயினும் வழக்கு மன்றத்தை நம்பி இங்கே திருத்தம் காண முடியாது. தன் பெயர் வெளியே தெரிந்துவிடுமோ என நடுங்கும் நோயாளி நீதிமன்றப் படியேறுவதில்லை. தவறு நடந்தபின் தட்டிக்கேட்க ஆளில்லாத இடத்தில், தவறு நடவாமற் காக்கும் கல்வியே ஒரே அரண்.

வைத்தியருக்கு நேரமேது என்பர். உண்மை, 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர் பலர் நாட்டைவிட்டு நீங்கினர். எஞ்சியோரின் சுமை பெரிது. ஆனால் வழியில்லாமலில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் 2003ஆம் ஆண்டில் சஞ்சீவ் அரோரா என்னும் வைத்தியர், கிராமப்புற வைத்தியர்களை வாரந்தோறும் காணொளி வாயிலாக நிபுணர்களோடு இணைத்து, அவரவர் நோயாளிகளைப் பற்றியே கலந்துரையாடச் செய்தார். அவர் எடுத்துக்கொண்டது கல்லீரலைத் தாக்கும் ஹெப்பற்றைற்றிஸ் சீ நோய். 2011இல் வெளியான கணக்கின்படி, அக்கிராம வைத்தியர்களிடம் குணமடைந்தோர் வீதம் பல்கலைக்கழக மருத்துவமனையின் வீதத்துக்குச் சமமாயிருந்தது. அம்முறை பின்னர் எச்.ஐ.வி. பராமரிப்புக்கும் பல நாடுகளிற் பரவியது. கிளிநொச்சியிலோ மூதூரிலோ பணிபுரியும் வைத்தியர் கொழும்புக்குப் பேருந்தேறாமலே கற்க முடியும் என்பதே இதன் பொருள்.

எனவே நாம் கேட்பவை மூன்று. முதலாவது, தொடர்கல்வி விருப்பத்துக்கு விடப்பட்ட காரியமாக இருத்தலாகாது. வைத்தியராகப் பதிவில் நிலைத்திருப்பதற்கு அது சட்டத்தால் உறுதிசெய்யப்பட்ட நிபந்தனையாதல் வேண்டும், எச்.ஐ.வி. பராமரிப்பு அதில் தவறாது இடம்பெறுதல் வேண்டும். இரண்டாவது, வேலைநேரத்திலேயே மாவட்டந்தோறும் அக்கல்வியை அரசு தன் செலவில் அளித்தல் வேண்டும்; மருந்துக் கம்பனியின் விருந்தோடு வரும் விரிவுரை கல்வியாகாது. மூன்றாவது, ஆங்கிலத்தில் வைத்தியருக்குச் சொன்னதோடு கடமை முடிந்ததென எண்ணாது, தமிழ்ப் பகுதிகளில் தாதியருக்கும், குடும்பநல உத்தியோகத்தருக்கும், ஆய்வுகூடத்தாருக்கும், சிற்றூழியருக்கும் தமிழிலேயே கற்பித்தல் வேண்டும். நோயாளி தன் அச்சத்தைத் தாய்மொழியிற் சொல்கின்றார்; விடையும் அம்மொழியிலேயே வருதல் வேண்டும்.

படித்தோரே, கமக்காரரே! இது யாரோ சிலரின் நோய், நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் பிரதேச வைத்தியசாலையின் அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு பூசுவது பற்றிக் கேட்கின்றீர்கள், நன்று. அடுத்த கூட்டத்தில் எழுந்து, “இங்குள்ள வைத்தியரும் தாதியரும் இந்த ஆண்டில் என்ன புதிதாகக் கற்றனர்? கற்க அரசு என்ன வசதி செய்தது?” என்றும் கேளுங்கள். விடை கிடைக்கும்வரை கேளுங்கள்.