பேரேட்டில் ஏறாத துப்பாக்கி



பேரனுக்குப் பந்து வாங்கப் போன கடையில், ஒரு சிறுவன் ஏர்கன் வாங்கினான். பெயரைக்கூடக் கேட்கவில்லை.

1959 ஆயுதச் சட்டத்தின்கீழ், தோட்டாத் துப்பாக்கி விற்பவர் வாங்குபவரின் உரிமத்தைப் பார்த்து, விவரங்களைப் பதிவேட்டில் எழுதவேண்டும். 0.177 அங்குலம், 20 ஜூலுக்கு மிகாத ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம். உரிமம் வேண்டாமென்றால் பெயரும் வேண்டாமென்றா அர்த்தம்?

"விளையாட்டுச் சாமான்தானே சார்?" என்பீர்கள். கண்ணில் பட்டால் பார்வை போகும். வேட்டங்குடிப் பறவைகளுக்காகத் தீபாவளி வெடியையே விட்டுக்கொடுத்த ஊர்கள் நம் மாவட்டத்தில்தான் உள்ளன. அங்கே ஒரு குண்டு பாய்ந்தால் யாரைக் கேட்பது?

பர்மாக் கடனில் காலணாவையும் பேரேட்டில் ஏற்றிய மண் இது. கடை வைத்திருக்கும் என் மாணவர்களே, இன்றே ஒரு நோட்டுப் போடுங்கள்: பெயர், வயது, முகவரி. சிறுவன் தனியே வந்தால், அப்பாவைக் கூட்டிவரச் சொல்லுங்கள்.

– உங்கள் வாத்தியார், நேமத்தான்பட்டி