ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் எலி

லண்டனில் இருக்கிற எங்கட நண்பன் ஒருவன் போன மாதம் ஒரு கதை சொன்னான். பின்னேரம் அவனுடைய அம்மா பிட்டு அவிக்கிறதுக்காக ஃப்ரீசரைத் திறந்து தேங்காய்ப்பூப் பக்கற்றைத் தேடியிருக்கிறா. பக்கத்தில் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா. மூடியைத் திறந்தால் உள்ளே பத்து வெள்ளை எலி, விறைத்துப்போய்க் கிடக்குது. "என்னடா இது?" என்று அவ கத்த, தம்பிக்காரன் அறைக்குள் இருந்தபடியே, "அது பாம்புக்கு அம்மா. ஐஸில தானே கிடக்கு, ஒண்டும் செய்யாது" எண்டானாம்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு எங்களில் ஒருத்தி கேட்டாள்: "அந்தப் பிட்டை ஆர் ஆர் சாப்பிட்டவை?" அவன் சொன்னான்: "எல்லாரும்தான். அக்காட மூண்டு வயசுப் பிள்ளையும்."

சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்கு ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, உண்மைதான். ஆனால் "ஒண்டும் செய்யாது" என்ற அந்த வார்த்தையோடு எங்களுக்குச் சண்டை இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தச் சண்டைதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் பாம்பு வளர்ப்பவர்களுக்கு எதிரானவர்கள் இல்லை. பிரித்தானியாவிலும் கனடாவிலும் கோர்ன் ஸ்னேக், போல் பைத்தன் போன்றவற்றை வளர்ப்பது சட்டப்படி நடக்கிற சாதாரண விசயம். பண்ணையில் பிறந்த பாம்புகள். அவை கீரை தின்னாது, சோறு தின்னாது. முழு எலிதான் அவற்றின் சாப்பாடு. எலும்பும் ஈரலும் தோலும் சேர்ந்து உள்ளே போனால்தான் அவற்றுக்குத் தேவையான சத்து முழுதாகக் கிடைக்கும்.

உறைந்த எலிக்கும் நாங்கள் எதிரானவர்கள் இல்லை. சொல்லப்போனால் அதன் பக்கம்தான் நிற்கிறோம். உயிரோடு எலியைப் பெட்டிக்குள் விட்டு, அது மூலைக்கு மூலை ஓடுவதைப் படம் பிடிக்கிற கூட்டத்தை எங்களால் சகிக்க முடியாது. அதைத் 'இயற்கை' என்று சொல்லாதீர்கள். காட்டில் எலிக்கு ஓட இடமிருக்கும், கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை. பசியில்லாத பாம்போடு விடப்பட்ட எலி திருப்பிக் கடிக்கும், பாம்பின் தோலையும் கண்ணையும் கிழிக்கும். இரண்டு உயிரையும் வதைத்து எடுக்கிற வீடியோ அது. காபனீரொட்சைட்டு வாயுவால் முன்பே கொல்லப்பட்டு உறைந்து வருகிற எலி, பாம்புக்கும் பாதுகாப்பு, எலிக்கும் வதை குறைவு. இதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

அப்ப பிரச்சினை எங்கே? அந்த எலி எங்கே கிடக்கிறது என்பதில்.

இந்த விசயத்தில் இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சிக்கு எல்லாமே அருவருப்பு. "சீ, சமைக்கிற இடத்தில எலியோ? எங்கட பிள்ளையள் செய்யிற வேலையோ இது?" இவர்களோடு நாங்கள் ஒத்துப்போகவில்லை. அதே ஃப்ரீசரில்தான் தலையோடு பாரை மீனும் தோலுரித்த கோழியும் கிடக்கின்றன. அருவருப்பு ஒரு வாதம் இல்லை. அதைவிட மோசம், அது பிள்ளைகளை ஒளிக்கப் பழக்குகிறது. அந்தப் பெடியன் ஏன் எலியை ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வைத்தான்? ஏச்சு விழும் என்ற பயத்தில். பெயர் எழுதிய பெட்டியில் வைத்திருந்தால் அம்மா வெறும் கையால் திறந்திருக்கமாட்டா.

மற்றக் கட்சி பாம்பு வளர்க்கிற பெடியளின் கட்சி. "உறைஞ்சால் கிருமி செத்துப்போகும்." இது பச்சைப் பொய். குளிர் கிருமியைத் தூங்க வைக்கும், கொல்லாது. சல்மொனெல்லா என்ற பக்டீரியா ஃப்ரீசருக்குள் மாதக்கணக்காக உயிரோடு கிடக்கும். எலி பார்வைக்குச் சுத்தமாக, பால் போல வெள்ளையாக இருக்கும். அதன் குடலுக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

வெறும் பயமுறுத்தலுக்காக இதைச் சொல்லவில்லை. பிரித்தானியாவில் 2015 தொடக்கம் 800க்கும் மேற்பட்டோருக்கு ஒரே வகைச் சல்மொனெல்லா தொற்றியது. அவர்களில் கணிசமானோர் சிறுபிள்ளைகள். தேடிப்போன விசாரணை லித்துவேனியாவிலிருந்து இறக்குமதியான உறைந்த எலிகளில் போய் நின்றது. 2022 பெப்ரவரியில் அந்த இறக்குமதியையே அரசு நிறுத்தியது. அமெரிக்காவிலும் 2010இல் ஒரு தடவை, 2014இல் ஒரு தடவை, உறைந்த எலிகளால் நோய் பரவியது. 2010இல் விற்ற பொதிகளைத் திரும்பப் பெற்றார்கள். இதற்குப் பிறகும் "ஒண்டும் செய்யாது" என்று சொல்லுகிறவர் அறியாமல் சொல்லவில்லை, அறிய விரும்பாமல் சொல்லுகிறார்.

சரி, வருத்தம் வந்தால் யாருக்கு வரும்? இருபது வயதுப் பெடியனுக்கு வந்தால் நாலைந்து நாள் வயிற்றோட்டம், காய்ச்சல், வயிற்றுக் குத்து. பிறகு எழும்பிவிடுவான். ஆனால் அந்த வீட்டில் அம்மம்மா இருக்கிறா. சலரோகக்கார அப்பா இருக்கிறார். தவழ்கிற பிள்ளை இருக்கிறது. இவர்களுக்கு அது ஆஸ்பத்திரி வரைக்கும் போகக்கூடிய வருத்தம். ஃப்ரீசரைத் திறக்கிறது, துடைக்கிறது, அதே கையால் தேங்காய்ப்பூவை அள்ளுகிறது எல்லாம் அம்மா. பாம்பை வாங்கேக்க அவவை ஒருத்தரும் கேட்கவில்லை. ஆசை ஒருத்தருடையது, ஆபத்து மட்டும் வீட்டில் எல்லாருக்கும் பங்கு. எங்கட கோபம் இங்கேதான்.

அதனால் எங்கட கோரிக்கை எளிமையானது. பாம்பு வாங்குகிற காசோடு அதன் சாப்பாட்டுக்கென்று தனியாக ஒரு சின்ன ஃப்ரீசருக்கும் காசு ஒதுக்குங்கள். கண்ணாடிப் பெட்டி, சூட்டு விரிப்பு, தேர்மோஸ்டாற் எல்லாம் வாங்கத் தெரிந்த ஆளுக்கு மேசையில் வைக்கிற ஃப்ரீசர் ஒன்று பெரிய விசயமில்லை. அதை உங்கட அறைக்குள் வையுங்கள், குசினிக்குள் இல்லை. பாகை மறை 18இல் ஓடட்டும். காற்றுப் புகாத பையில் எலியைப் போட்டு, வாங்கிய திகதியை எழுதுங்கள். ஆறு மாதத்துக்குள் முடிகிற அளவுக்கு மட்டும் வாங்குங்கள், மலிவு என்று நூறாக வாங்கிக் குவிக்காதீர்கள்.

"நாங்கள் வாடகை அறையில இருக்கிறம், ஃப்ரீசர் வைக்க இடமில்லை" என்று சொல்லுவீர்கள். நியாயமான கதைதான். அப்படியென்றால் சேமிக்கவே வேண்டாம். வளர்ந்த கோர்ன் ஸ்னேக் பத்துப் பதினாலு நாளுக்கு ஒரு தடவைதான் சாப்பிடும். மாதத்துக்கு இரண்டு மூன்று எலி. செல்லப்பிராணிக் கடைகளில் ஒன்றிரண்டாகவும் வாங்கலாம். வாங்கிய அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். அதுவும் ஏலாதென்றால் பாம்பு வளர்க்கிற காலம் உங்களுக்கு இன்னும் வரவில்லை.

உருக்குகிற வேலையிலும் இதே ஒழுங்கு வேண்டும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். எலி உள்ளே வெடிக்கும், பிறகு அதே மைக்ரோவேவில்தான் பிள்ளையின் பால் சூடாகும். பையோடு, எலிக்கென்றே வைத்திருக்கிற பாத்திரத்தில் தண்ணீருக்குள் போட்டு உருக்கி, கடைசியில் சுடுதண்ணியில் இளஞ்சூடாக்குங்கள். கறிச்சட்டியில் இல்லை, குசினித் தொட்டியில் இல்லை. இடுக்கியால் பிடித்துக் கொடுங்கள். உருகியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். பாம்பு தொடாமல் விட்டதைக் கட்டி எறியுங்கள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள். பாம்பின் உடம்பிலும் அதே கிருமி இருக்கலாம் என்பதால் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பாம்பிடமும் எலியிடமும் அண்டவிடாதீர்கள்.

இங்கே, இலங்கையில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு சொல். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு, பற்றைக்குள் கிடக்கிற வெங்கிணாந்திக் குட்டியைப் பிடித்து வளர்க்கலாம் என்று நினைக்கிற ஆக்களும் இருக்கினம். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைக் காக்கிறது. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். அது எங்கட வயலின் எலியைத் தின்று வாழ்கிற உயிர். அதன் சாப்பாட்டை அதுவே பார்த்துக்கொள்ளும், விட்டுவிடுங்கள்.

லண்டன் தம்பிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இண்டைக்கே அந்த டப்பாவை எடுத்து எறி. ஃப்ரீசரைக் கிருமிநீக்கி போட்டுத் துடை. அதை நீதான் துடைக்க வேண்டும், அம்மா இல்லை. பிறகு அவவிடம் போய், வீட்டுக்குள் என்ன வைத்திருக்கிறாய், எங்கே வைக்கப்போகிறாய் என்று வாய் திறந்து சொல்லு. அவ ஏசுவா. ஏசட்டும், கேட்டுக்கொண்டு நில்லு. ஏசி முடிய, அந்த ஃப்ரீசரை எங்கே வைக்கலாம் என்று அவவையே கேள்.